கெணியில் விழுந்த ஈயும் காயைக் குத்திய ஈயும்

மாமாவின் பாகல் பந்தலில் ஈ பிடிக்கக் கட்டித் தொங்கவிட்ட ஐந்து கொட்டாங்குச்சிகளையும் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணினோம். 112 ஈ. "சோலி முடிஞ்சது மாப்ள" என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அதே வாரம் பறித்த பாகற்காயில் ஏறக்குறைய கால்வாசி குத்து விழுந்த காய். மேலே சின்னதாக ஒரு பள்ளம், அதில் காய்ந்த பிசின். பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு. இத்தனை ஈ செத்தும் காய் ஏன் அழுகுகிறது என்ற கேள்வியோடுதான் நான் ஈக்களைப் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

மாமாவின் பந்தல் தேனி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் போகிற பக்கம் இருக்கிறது. முன்பு பன்னீர் திராட்சை ஏறிய பந்தல். கல்தூணும் கம்பியும் அப்படியே நிற்கின்றன, இப்போது 40 சென்ட்டில் பாகல். காய் எல்லாம் குமுளி வழியாக மலையேறிப் போய்விடும். அங்கே காய் வாங்கும் சேச்சி ஒருவர்தான் துளசிக் கெணியைச் சொல்லிக் கொடுத்தார். கெணி என்றால் அவர்கள் பேச்சில் பொறி. ஒரு கைப்பிடி துளசி இலையை நசுக்கிக் கொட்டாங்குச்சியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் வெல்லமும் சில சொட்டுப் பூச்சிமருந்தும் கலந்து கட்டித் தொங்கவிட வேண்டும். "காயீச்ச முழுக்க அதில் வந்து சாகும்" என்றார். கேரளத்தில் வீட்டுக்கு வீடு மாமரத்தில் இதைக் கட்டுகிறார்கள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கிணற்றடியில் இருக்கும் மாமரத்துக்கும் கொய்யாவுக்கும் அது சரியான வைத்தியம். பாகலுக்கு இல்லை என்பது எங்களுக்குப் புரிய ஒன்றரை மாதம் ஆயிற்று.

முதல் படங்கள் ஒன்றும் உதவவில்லை. காய் மேல் உட்கார்ந்திருந்த ஈயைப் போனை நீட்டி எடுத்தேன். மஞ்சளும் பழுப்புமாக ஒரு மங்கல். அதைப் பூச்சிப் பெயர் சொல்லும் ஒரு செயலியில் போட்டால் குளவி என்றது. இன்னொரு கோணத்தில் எடுத்த அதே ஈயை வேறொரு ஈயின் பெயரால் அழைத்தது. குற்றம் செயலியின் மேல் இல்லை. படத்தில் பெயரைத் தீர்மானிக்கும் உறுப்பு எதுவுமே தெரியவில்லை.

குளவியா ஈயா என்பதை மட்டும் வெறுங்கண்ணால் பிரித்துவிடலாம். குளவிக்கும் தேனீக்கும் நாலு இறக்கை, ஈக்கு இரண்டுதான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல ஒரு குமிழ் இருக்கும். பறக்கும்போது உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்வது அதுதான். பக்கவாட்டுப் படத்தில், இறக்கை புறப்படும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் அந்தக் குமிழ் தெரிந்தால் அது ஈ. அதற்கு மேல் போக வேண்டுமானால் இறக்கை நரம்பைப் பார்த்தாக வேண்டும். உடம்பின் நிறம் வெளிச்சத்துக்கும் வயசுக்கும் ஏற்ப மாறும். நரம்பு ஓடும் வழி அப்படி மாறாது.

எனக்குக் கம்பத்தில் மொபைல் சர்வீஸ் கடை. செத்த போன்களுக்குக் குறைவில்லை. ஒரு பழைய போனின் பின்கேமராவை எடுத்து, ஹாட் ஏர் கன்னில் லேசாகச் சூடு காட்டி, லென்ஸ் குழலை மட்டும் திருகி வெளியே எடுத்தேன். பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், பொறுமையாகத் திருக வேண்டும். முதல் இரண்டு விரிசல் விட்டுப் போயின, மூன்றாவது முழுசாக வந்தது. காலாவதியான ஏடிஎம் கார்டில் அந்தக் குழல் இறுக்கமாக உட்காரும் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தி, என் போன் கேமராவின் மேல் இருபக்க டேப்பால் ஒட்டினேன். தலைகீழ் என்றால், முன்பு வெளி உலகைப் பார்த்த பக்கம் இப்போது என் போன் லென்ஸைப் பார்க்க வேண்டும், சென்சாரைப் பார்த்த பக்கம் ஈயைப் பார்க்க வேண்டும். இரண்டு லென்ஸின் குவியத்தூரமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், பொருள் இருக்கும் அளவிலேயே அதன் உருவம் சென்சாரில் விழுகிறது. போன் சென்சாரின் அகலமே ஐந்தாறு மில்லிமீட்டர்தான். பழ ஈயின் இறக்கையும் ஏறக்குறைய அதே நீளம். படம் முழுக்க ஒரே இறக்கை நிரம்பி நின்றதை முதன்முதலாகப் பார்த்தபோது கடையில் இருந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இந்த லென்ஸில் ஒரு கஷ்டம் உண்டு. பொருளுக்கும் லென்ஸுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி கிடைக்கும். உயிருள்ள ஈயிடம் இது நடக்காது. செத்த ஈயின் இறக்கைக்குத்தான் பொருந்தும், கெணியில் அதற்குப் பஞ்சமே இல்லை. வெல்லப்பாகு ஒட்டியிருக்கும், மருந்தும் இருக்கும், ஆகவே கையுறை போட்டுக்கொண்டு தண்ணீரில் இரண்டு தரம், பிறகு சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஒரு தரம் அலசினேன். ட்வீசரால் இறக்கையை அடியோடு பிரித்து, கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாக விரிந்துகொள்ளும். தண்ணீர் காய்ந்ததும் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். மூடு கண்ணாடி வேண்டாம், அது அந்த ஒரு மில்லிமீட்டரையும் தின்றுவிடும்.

வெளிச்சம் கீழிருந்து வர வேண்டும். இன்னொரு போனில் வெள்ளைத் திரையை வைத்து அதன் மேல் கண்ணாடியை வைத்தேன். திரையின் புள்ளிகள் வலை மாதிரி படத்தில் விழுந்தன. நடுவில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்துக் கண்ணாடியை உயர்த்தி, திரை மேல் டிரேசிங் பேப்பர் போட்டதும் வலை மறைந்தது. என் போனை இரண்டு மரக்கட்டைகளின் மேல் பாலம் மாதிரி வைத்து, கண்ணாடிக்கு அடியில் சீட்டுக்கட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி உயர்த்தினேன். ஒரு சீட்டு கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். சரியான உயரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மீதியை ஆட்டோஃபோகஸ் பார்த்துக்கொள்கிறது. விரலால் தொட்டால் ஆடும், அதனால் டைமர் வைத்து எடுத்தேன்.

கெணியில் செத்த ஈக்களில் இருபதின் இறக்கைகளை எடுத்துப் பார்த்தேன். இருபதும் ஒரே மாதிரி. கண்ணாடி போலத் தெளிவு. முன்விளிம்பில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு, அடிப்பக்கத்தில் சாய்வாக இன்னொரு கீற்று. முன்விளிம்பை ஒட்டி ஓடும் ஒரு நரம்பு, விளிம்பைத் தொடுவதற்குமுன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே திரும்பி மங்கிப் போகிறது. பழ ஈக் குடும்பமான டெஃப்ரிடிடேயின் அடையாளம் அது. முதுகு கறுப்பு, இருபக்கமும் மஞ்சள் கோடு ஒவ்வொன்று. வயிற்றின் மேல் ஆங்கில T எழுத்து போலக் கருங்கோடு. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், மாம்பழ ஈ என்று ஊரில் சொல்லுவது.

இனி காயைக் குத்தும் ஈ. இது உயிரோடு வேண்டும். காலை ஆறரை மணிக்குப் போனேன். குமுளி மலையிலிருந்து சாரல் இறங்கி, இலையெல்லாம் ஈரம். அந்தக் குளிரில் ஈக்கள் மந்தமாக இருக்கும், வெயில் ஏறினால் பக்கத்தில் விடாது. இங்கே கடையில் விற்கும் கிளிப் லென்ஸ் போதும், அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். போன் ஃப்ளாஷின் மேல் டிரேசிங் பேப்பரை இரண்டு மடிப்பாக ஒட்டினேன். இல்லையென்றால் பளபளக்கும் முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்து கோடுகள் காணாமல் போகும். ஒரே அழுத்தில் பத்துப் பதினைந்து படம் எடுக்கும் வசதியை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, போனை மெல்ல முன்னே நகர்த்தினால் அதில் ஒன்றாவது கூர்மையாக விழும். அழகான படம் வேண்டும் என்ற ஆசையை இந்த வேலையில் விட்டுவிட வேண்டும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் நேராக ஒன்று, இறக்கை விரிந்தபடி ஒன்று. பின்னணியில் கம்பியும் குப்பையும் தெரிந்தாலும் இந்த நாலும் இருந்தால் போதும். பூவின் மேல் பொன்னிறத்தில் மின்னும் ஒரே ஒரு அழகான படத்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்லச் சொல்வது, முகவரியில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதிக் கடிதம் போடுவது மாதிரி.

அன்று கிடைத்த படங்களில் பாகல் ஈயின் முதுகு செம்பழுப்பு. மஞ்சள் கோடு மூன்று, பக்கத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று. வாலில் ஊசி போல முட்டையிடும் குழல். இறக்கையின் முன்விளிம்புக் கறுப்பு நுனியில் அகன்று பொட்டாகிறது. இன்னும் உள்ளே ஒரு குறுக்கு நரம்பின் மேல் மை ஒழுகியது போலக் கறை.

மாமாவிடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் உடனே கேட்டார்: "கெணியில விழுறதெல்லாம் ஆம்பளை ஈ, காயில உக்காருறது பொம்பளை ஈ. சேவலும் கோழியும் ஒண்ணு போலவா இருக்கு?" நல்ல கேள்வி. கெணியில் இருந்த 112 ஈக்கும் வால் மொட்டையாகத்தான் இருந்தது, அதாவது எல்லாம் ஆண். காய் மேல் பிடித்தவை எல்லாம் பெண். அவர் சொல்வது தப்பு என்று காட்ட என்னிடம் அப்போது எதுவும் இல்லை. காயிலிருந்து வரும் ஆண் ஈயைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் வளர்த்தோம். குத்து விழுந்த காய் ஆறை, அடியில் இரண்டு அங்குலம் ஈரமணல் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வாயை அத்தையின் பழைய வாயில் புடவைத் துண்டால் கட்டினேன். இரண்டாம் நாள் டப்பாவைத் திறந்தால் புழுக்கள் துள்ளின. இந்தப் புழு உடம்பை வளையமாக மடக்கி, விட்டுத் தெறித்துக் குதிக்கும். மண்ணைத் தேடிப் போகும் வழி அது. அடுத்த நாள் அழுகிய காயை எடுத்துவிட்டு மணலைச் சலித்தேன். அரிசி போன்ற பழுப்புக் கூடுகள் முப்பத்துச் சொச்சம். மணலில் தண்ணீர் தெளித்து நிழலில் வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் துணியின் அடிப்பக்கம் ஈக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இங்கே அவசரப்பட்டேன். வந்த அன்றே எடுத்த படத்தில் ஈ வெளிறிப்போய், இறக்கையில் கறை அரைகுறையாக, முதுகுக் கோடு மங்கலாக இருந்தது. கூட்டிலிருந்து புதிதாக வந்த ஈக்கு நிறம் ஏற ஓரிரு நாள் வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு வைத்து மூன்று நாள் காத்திருந்தேன். பிறகு ஈயை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஐந்து நிமிஷம் வைத்தால் கொஞ்ச நேரம் அசையாமல் உட்காரும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, செத்துவிடும். அதற்குள் நாலு படம் எடுத்துவிடலாம்.

வால் மொட்டையான ஆண் ஈக்கும் மூன்று மஞ்சள் கோடு. இறக்கையில் அதே பொட்டு, அதே மைக்கறை. மாமா போனைக் கையில் வாங்கி, விரலால் பெரிசாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப இது வேற சாதி" என்றார்.

இது சியூகோடாக்கஸ் குகர்பிட்டே. பழைய பாடங்களில் பாக்ட்ரோசெரா குகர்பிட்டே என்று இருக்கும், 2015 வாக்கில்தான் பேரினத்தைப் பிரித்தார்கள். இந்தியப் பக்கத்து ஈதான், ஆனால் 1899இல் காக்கிலெட் என்ற பூச்சியியல் அறிஞர் இதற்குப் பெயர் வைத்தது ஹவாய்த் தீவில் பிடித்த ஈயைப் பார்த்து. நம் கொடிகளைக் குத்திய ஈ அதற்கு முன்பே கப்பலேறிப் போய்விட்டது. மூன்று கோட்டை மட்டும் வைத்து முடிவு செய்தால் இதிலும் ஏமாறுவோம். சியூகோடாக்கஸ் டாவ் என்ற இன்னொன்றும் பூசணிக் குடும்பக் காயைக் குத்தும், அதற்கும் நடுக்கோடு உண்டு. அதன் இறக்கையில் குறுக்கு நரம்பின் மேல் இந்த மைக்கறை கிடையாது. அதனால்தான் நான் இறக்கைப் படம் இல்லாமல் பெயர் எழுதுவதில்லை.

துளசி ஏன் பாகல் ஈயைக் கூப்பிடவில்லை என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. துளசியில் இருக்கும் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள்தான் ஆண் ஈயை இழுக்கிறது. இது தெரிய வந்தது பீகாரின் பூசாவில். அங்கே பூச்சியியல் அறிஞராக இருந்த ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈக்கள் கூட்டமாக வருவதைக் கவனித்து 1912இல் எழுதினார். வருவது ஆண் ஈ மட்டும் என்பதையும் கண்டார். டார்சாலிஸ், சொனாட்டா, கரெக்டா என்ற பழ ஈக்கள் எல்லாம் இந்த வாசனைக்கு வரும். பாகல் ஈ வராது. அதன் ஆணுக்குக் கியூ லூர் என்ற வேறு வாசனைப் பொருள் வேண்டும். நாங்கள் ஒன்றரை மாதமாகக் கிணற்றடி மாமரத்திலும் கொய்யாவிலும் இருந்த ஈக்களைக் கூப்பிட்டுப் பந்தலுக்கு அடியில் கொன்றுகொண்டிருந்தோம்.

உரக்கடையில் கியூ லூர் கட்டை கேட்டு வாங்கி, தண்ணீர் பாட்டிலில் பக்கத்துக்கு ஒன்றாக நாலு ஓட்டை போட்டு, உள்ளே தொங்கவிட்டோம். மறுநாள் காலையில் ஒன்பது ஈ. ஒன்பதின் இறக்கையையும் லென்ஸ் அடியில் வைத்தேன், ஒன்பதிலும் மைக்கறை. ஆனால் ஆணை மட்டும் பிடிப்பதால் காய் தப்பிவிடாது. ஏற்கெனவே சேர்ந்த பெண் ஈ குத்திக்கொண்டேதான் இருக்கும். என் கணக்கில் பொறியைவிடப் பெரிய வேலை, குத்து விழுந்த காயை விழுவதற்குமுன் பறிப்பது. மாமா முன்பு அதையெல்லாம் வரப்போரம் வீசுவார், புழு அங்கேயே மண்ணுக்குள் போய் ஈயாகித் திரும்பி வரும். இப்போது கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, வெயிலில் ஒரு வாரம் கிடத்துகிறார். பிஞ்சுக்குப் பேப்பர் உறையும் மாட்டுகிறார். அடுத்த இரண்டு பறிப்பில் கழிவு நன்றாகக் குறைந்திருக்கிறது. சாரல் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் இன்னும் ஒரு பருவம் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வேன்.

இதற்கு நடுவில் பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஈப் படங்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நரம்பெல்லாம் அழிந்து வரும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லிப் பழக்கினேன். பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது கட்டம் போட்ட நோட்டுத்தாள் இருந்தால் அளவும் தெரிந்துவிடும். ஒருவர் பாகல் பூவில் மஞ்சள் வரி போட்ட ஈயைப் படம் எடுத்து, இதுக்கு எந்த மருந்து அடிக்கலாம் என்று கேட்டார். நல்லவேளை, கேட்டுவிட்டு அடிக்கலாம் என்று இருந்தார். தலையை நிறைத்த பெரிய கண், அந்தரத்தில் நிற்கிற பறப்பு, இறக்கை நடுவில் எந்த நரம்போடும் சேராமல் மடிப்பு போல ஓடும் ஒரு பொய் நரம்பு. சிர்பிட் ஈ. முதுகின் கடைசியில் இருக்கும் தகடு மஞ்சளாக இருந்ததையும் வயிற்று வரியையும் வைத்து இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ் என்று எழுதினேன். அதன் புழு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டியிருந்ததால் ஆண். அவருக்கு நான் அனுப்பிய பதில் மூன்று வார்த்தை: அடிக்காதீங்க, நம்ம ஆளு.

எல்லாவற்றுக்கும் பெயர் சொல்ல முடியாது. மீன் கழிவில் எடுத்த ஒரு படம் வந்தது. முதுகில் மூன்று கருங்கோடு, வயிறு சதுரங்கப் பலகை. சதை ஈக் குடும்பம் என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்காமல் அதில் இனப்பெயர் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். துளசிக் கெணியில் பிறகு விழுந்தவற்றில் இரண்டின் தொடையில் பெரிய கரும்புள்ளி இருந்தது. தென்னிந்தியாவில் பாக்ட்ரோசெரா கேரியே என்ற டார்சாலிஸின் நெருங்கிய உறவு உண்டு, அதற்குத் தொடை இப்படி இருக்கும். ஆனால் அவை ஒரு வாரம் வெல்லத்தண்ணீரில் ஊறிக் கறுத்தவை. டார்சாலிஸ் கூட்டம் என்று மட்டும் எழுதினேன். இந்தக் கூட்டத்தில் வல்லுநர்களே சொன்னதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் 2003இல் கண்ட ஈக்கு 2005இல் இன்வேடென்ஸ் என்று தனிப்பெயர் வைத்து, 2015இல் அதுவும் டார்சாலிஸ்தான் என்று சேர்த்தார்கள். குடும்பத்தோடு நிறுத்திய பதிவு எனக்குக் குறைவான பதிவாகத் தெரியவில்லை. தெரிந்த மட்டும் எழுதியிருந்தால் பின்னால் வருபவர் அதன் மேல் கட்டலாம். தப்பாக எழுதிய இனப்பெயரை யாராவது நம்பிவிட்டால், அவர் பந்தலிலும் தப்பான கெணிதான் தொங்கும்.

போன வாரம் இரண்டாவது டப்பா திறந்தேன். இருபத்தாறு கூட்டில் இருபத்திரண்டு ஈ வந்துவிட்டது. மீதியில் ஒன்றிலிருந்து மெலிந்த, நீண்ட உணர்கொம்பு வைத்த ஒன்று வந்து துணியில் நடந்தது. கிளிப் லென்ஸில் பார்த்தேன், நாலு இறக்கை. பழ ஈயின் புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி. இப்படி ஒரு குளவியை, சிட்டாலியா ஃப்ளெட்செரி என்பதை, பாகல் ஈயைக் கட்டுப்படுத்த 1916இல் இந்தியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டு போனார்கள். இதுவும் அதுதானா என்று மாமா கேட்டார். நாலு கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டு, நோட்டில் பிராகோனிட் குடும்பம், கூடலூர், பாகல் ஈக் கூட்டிலிருந்து என்று எழுதித் தேதி போட்டேன். டப்பாவை மாமாவே பந்தலுக்கு எடுத்துப் போய், துணியை அவிழ்த்து, குளவி பறந்ததும் ஈக்கள் தப்புவதற்குள் திரும்பக் கட்டினார். வராத மூன்று கூடும் இன்னும் மணலில் இருக்கின்றன, தினம் காலையில் தண்ணீர் தெளிக்கிறேன்.